வேதமும் வீதியும் – 7: கைப்பிடிச் சுவர்

சென்ற இதழில், கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று யூதர்களின் நியாயப்பிரமாணம் விதித்திருப்பதையும், அந்த ஒரு விதியைச் சுற்றி அவர்களுடைய ஆசாரியர்கள் எழுப்பிய விசாரணைகளையும் பார்த்தோம். அங்கே பேசப்பட்டது, ஒரு மனிதன் தன் எதிரே நிற்கும் இன்னொரு மனிதனுக்குச் செலுத்த வேண்டிய கடன். இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் விதிகளோ முகம் தெரியாதவனுக்கு நாம் பட்டிருக்கும் கடனைப் பற்றியவை. நம் மாடிக்கு என்றோ ஒருநாள் ஏறி வரப்போகிறவன், இருட்டில் நம் தெருவழியே நடக்கப்போகிறவன், காற்று வீசும் திசையில் குடியிருக்கிறவன், நமக்குப் பின்னால் இதே மண்ணில் பிறக்கப்போகிறவன் ஆகிய இவர்களை நாம் ஒருபோதும் சந்திக்காமலே போகக்கூடும். சந்திக்காத அவர்களுக்கும் நாம் உத்தரவாதிகள் என்ற எண்ணத்தை ஒரு சமயம் தன் பக்தியின் வெளிப்பிராகாரத்தில் நிறுத்தாமல் கர்ப்பக்கிருகத்திலேயே வைத்துப் போற்றியிருக்கிறது என்பதுதான் இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் விசேஷமாகப் படுவது.

யூதர்களின் நியாயப்பிரமாண நூல்களில் ஒன்றான உபாகமத்தின் 22ஆம் அதிகாரம் முதற்பார்வைக்கு ஒழுங்கற்ற ஒரு தொகுப்பாகவே தோன்றும். வழிதப்பிப் போன அயலானுடைய மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் அவனிடம் சேர்ப்பித்தல், கூட்டில் குஞ்சுகளின்மேல் அமர்ந்திருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காமல் போகவிடுதல், திராட்சத் தோட்டத்தில் வேறு விதையைக் கலந்து விதையாதிருத்தல் என்று அடுத்தடுத்து வரும் விதிகளின் நடுவே, புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், எழுப்பாமல் விட்டு எவனாவது விழ நேர்ந்தால் அந்த இரத்தப்பழி வீட்டைச் சேரும் என்றும் ஒரு விதி காணப்படுகிறது. அந்நாட்டின் பழைய வீடுகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் அவசியம் எளிதில் விளங்கும். உத்தரங்களின்மேல் சுள்ளியும் நாணலும் பரப்பிக் களிமண் பூசி இறுக்கிய தட்டையான கூரைகள் அவை. வீட்டின் மற்ற அறைகளைப்போலவே அதுவும் புழங்கும் இடம். எரிகோ பட்டணத்து ராகாப் ஒற்றர்களை ஒளித்துவைத்தது மாடியில் அடுக்கியிருந்த சணல் தட்டைகளுக்குள்ளே. சாமுவேல் தீர்க்கதரிசி சவுலோடு தனித்துப் பேசியது மாடியில். தாவீது அரசன் மாலை வேளையில் உலாவியது அரண்மனையின் மாடியில். இப்படி உறங்கவும் உலர்த்தவும் உரையாடவும் பயன்பட்ட ஓரிடத்தின் விளிம்பு திறந்து கிடப்பது எத்தகைய அபாயம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

பண்டைக்காலத்துச் சட்டங்கள் பெரும்பாலும் கேடு விளைந்த பிறகே கண்விழிப்பவை. பாபிலோனிய அரசன் ஹமுராபி கல்லில் பொறித்துவைத்த சட்டத்தில், கட்டிக் கொடுத்த வீடு இடிந்து விழுந்து அதன் சொந்தக்காரன் மாண்டால் கட்டியவனைக் கொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கடுமையில் குறைவில்லாத சட்டம்தான். ஆனால் அது பேசத் தொடங்கும்போது ஒருவன் ஏற்கெனவே பிணமாகிவிட்டான். உபாகமத்தின் விதியோ ஒருவரும் விழாதிருக்கும் வேளையிலேயே, இனி விழக்கூடியவனுடைய பெயர்கூட யாருக்கும் தெரியாதிருக்கும் வேளையிலேயே, வீட்டுக்காரனைத் தேடி வந்துவிடுகிறது. சுவரில்லாத மாடியிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஒருவரும் விழவில்லையென்றாலும் அந்த வீட்டில் குடியிருந்த ஒவ்வொருவனும் ஒரு கட்டளையை மீறியவனே ஆவான்.

விழுகிறவன் தன் விதியால் விழுகிறான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் சமாதானத்தையும் அந்த ஆசாரியர்கள் ஆராயாமல் விடவில்லை. விழுந்தவன் சிருஷ்டிகாலம் முதலே விழுவதற்கென்று குறிக்கப்பட்டவனாக இருந்தாலும் இருக்கலாம், ஆயினும் நன்மை நல்லவனுடைய கையாலும் தீமை குற்றமுள்ளவனுடைய கையாலுமே வந்துசேர்கிறது என்று ரபி இஷ்மவேலின் பள்ளியைச் சேர்ந்தவர்கள் போதித்தார்கள். ஊழ் என்னும் கருத்திலே ஊறிய நம் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது. விதியை அவர்கள் மறுக்கவில்லை. விழுந்தவனுடைய கணக்கில் விதியையும், சுவர் கட்டாதவனுடைய கணக்கில் அவனுடைய அசிரத்தையையும் தனித்தனியே எழுதினார்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துக்கொள்ள அவர்கள் இடங்கொடுக்கவில்லை.

மாடியைப் பற்றிய விதி மாடியோடு நிற்கவுமில்லை. அதே வசனத்தை ஆதாரமாகக் கொண்டு, கடிக்கிற நாயை வீட்டில் வளர்ப்பதும் ஆட்டங்கண்ட ஏணியைச் சார்த்தி வைப்பதும் கூடாது என்று ரபி நாத்தான் வகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியராக வாழ்ந்தவரும், யூத சட்டம் முழுவதையும் ஒரே கிரந்தமாகத் தொகுத்தவருமான மைமோனிடிஸ், அந்தச் சுவர் 10 உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத உயரமும், ஒருவன் சாய்ந்தால் தாங்கக்கூடிய உறுதியும் உடையதாக இருக்க வேண்டும் என்று அளவு கூறினார். முற்றத்திலுள்ள கிணற்றுக்கும் அதே போன்ற கட்டோ மூடியோ வேண்டும் என்றும், உயிருக்கு அபாயமான எதுவாயினும் அதை அகற்றுவது கட்டளை என்றும் அவர் மேலே விரித்துக்கொண்டு போகிறார். என் உயிரை நான் ஆபத்துக்கு உள்ளாக்கினால் பிறருக்கு என்ன என்று வாதாடுகிறவனுக்குக்கூட அவர் தண்டனை சொல்லியிருக்கிறார். இந்த வழியிலே யோசிக்கப் பழகிய ஒருவனுக்கு, மூடியில்லாத பாதாளச் சாக்கடையும், தொங்கிக்கொண்டிருக்கும் மின்கம்பியும், கம்பி பெயர்ந்த பால்கனியும் நகரசபைக்கு எழுதிப்போடும் புகார்களாக மட்டும் தோன்ற மாட்டா. தன் கைக்கு எட்டுவதாயின் தான் செய்து முடிக்க வேண்டிய அநுஷ்டானங்களாகவே தோன்றும்.

வீட்டைவிட்டு வீதிக்கு இறங்குவோம். குழியைத் திறந்தோ வெட்டியோ மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடு செலுத்த வேண்டும் என்று நியாயப்பிரமாணத்தின் இன்னொரு நூலான யாத்திராகமம் கூறுகிறது. ரபி யூதா என்னும் தலைவர் கி.பி. 200ஐ ஒட்டித் தொகுத்த மிஷ்னா என்னும் சட்டநூல், மனிதன் பிறருக்கு விளைவிக்கும் நஷ்டங்களுக்கெல்லாம் மூலவகைகளை எண்ணும்போது, மாட்டையும் நெருப்பையும் போலவே குழியையும் ஒரு தனிவகையாக நிறுத்துகிறது. பிறகு ஆசாரியர்கள் தெருவிலே கண்ட ஒவ்வொன்றையும் அந்தக் குழியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். பொதுவழியில் வைத்துவிட்டுப் போன குடம் குழியாகுமா? கொட்டிய தண்ணீரில் ஒருவன் வழுக்கினால்? வேலியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்? கோடைக்காலத்தில் வீட்டுச் சாக்கடையைத் தெருவிலே திறந்துவிடலாகாது, மழைக்காலத்தில் விடலாம் என்று அவர்கள் ஏற்படுத்திய ஒரு நியமத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் தெரு எப்படியும் சேறாகத்தானே இருக்கும் என்ற லௌகிக ஞானம் அதில் இருக்கிறது. ஆனால் அனுமதி பெற்றுத் திறந்தவனும், அதனால் ஒருவனுக்குச் சேதம் நேர்ந்தால் நஷ்டஈடு கொடுத்தே தீர வேண்டும் என்று உடனே சேர்த்தார்கள். லைசென்சு கையில் இருப்பதாலேயே பொறுப்புத் தீர்ந்துவிட்டதென்று எண்ணுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு போலும்.

வீடு கட்டுகிறவன் பொதுவழியை எவ்வளவு உபயோகிக்கலாம் என்ற கேள்வி, கல்லும் மணலும் குவிந்து கிடக்கும் நம் தெருக்களில் நடந்து பழகியவர்கள் எல்லோருக்கும் உறைக்கக்கூடியது. ஒருவன் கல்லைக் கொண்டுவந்து இறக்கும்போதே இன்னொருவன் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மிஷ்னாவின் தீர்ப்பு. எருவையும் அப்படியே: ஒருவன் வெளியே கொண்டுவரும்போதே இன்னொருவன் வயலுக்குக் கொண்டு போய்விட வேண்டும். தெருவிலே களிமண்ணை ஊறவைப்பதும் செங்கல் அறுப்பதும் கூடாது. வைக்கோலையும் தாளடியையும் எருவாக மக்கும்படி வழியில் பரப்பி வைத்தவனுடைய பொருளை, முதலில் வந்து எடுக்கிறவன் எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட விட்டிருக்கிறார்கள். பொதுவழி சற்று நேரம் இரவல் வாங்குவதற்குரியதே அல்லாமல் குடியிருப்பதற்குரியதன்று என்பது இதிலிருந்து தெரியவரும்.

இந்த இடத்தில், மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தால்மூத் ஒரு கதை சொல்கிறது. ஒருவன் தன் வயலிலிருந்த கற்களையெல்லாம் பொறுக்கிப் பொதுவழியிலே எறிந்துகொண்டிருந்தான். அவ்வழியே வந்த ஒரு பக்திமான் அவனைப் பார்த்து, உனக்குச் சொந்தமல்லாத இடத்திலிருந்து சொந்தமான இடத்துக்கு ஏன் கல்லை எறிகிறாய் என்ற கருத்துப்படக் கேட்டார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று எண்ணி அவன் நகைத்தான். சில காலம் சென்றது. வறுமை வந்து அவன் அந்த வயலை விற்க நேர்ந்தது. பிறகு ஒருநாள் அதே வழியே நடந்துபோகையில், தான் எறிந்த கற்களிலேயே இடறி விழுந்தான். விழுந்த பிறகே பெரியவர் சொன்னதன் பொருள் அவனுக்கு விளங்கிற்று. பத்திரம் எழுதிப் பெற்ற நிலம் ஒரு கையெழுத்தால் கைமாறிப் போய்விடுகிறது. யாருக்கும் பத்திரம் இல்லாத தெருவோ அவன் செல்வனாக இருந்தபோதும் அவனுடையது, தரித்திரனான பிறகும் அவனுடையது. பொதுச்சொத்து என்றால் எவனுடையதும் அன்று என்று எண்ணிக் கைவிடும் நம் வழக்கத்துக்கு நேர்மாறாக, பொதுச்சொத்து ஒன்றே நம்மிடமிருந்து பிடுங்கப்பட முடியாத சொத்து என்று இந்தச் சிறு கதை நிலைநாட்டுவதைக் காணும்போதெல்லாம் என் மனம் அதை வணங்குகிறது.

பழங்காலத்துப் பக்திமான்கள், முள்ளையும் உடைந்த கண்ணாடியையும் தங்கள் வயலிலேயே, கலப்பையின் கொழு தட்டாத ஆழத்தில் புதைப்பார்களாம். ராவ் செஷெத் என்பவர் நெருப்பிலிடுவார். ராவா என்பவர் டைக்ரீஸ் நதியிலே எறிவார். இதைச் சொன்ன கையோடு, பக்திமானாக விரும்புகிறவன் எதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று தால்மூத் விசாரிக்கிறது. ஆசாரியர்களின் நீதிவாக்கியங்களைப் பயில வேண்டும் என்கிறார் ஒருவர். ஸ்தோத்திரங்களை முறைப்படி சொல்ல வேண்டும் என்பது வேறு சிலருடைய கொள்கை. ராவ் யூதாவின் அபிப்பிராயமோ, பிறருக்கு நஷ்டம் விளைவியாமைக்குரிய சட்டங்களைக் கடைப்பிடித்தாலே போதும் என்பது. பிரார்த்தனைக்கு முன்பாக, உடைந்த கண்ணாடியை எங்கே போடுவது என்ற கேள்வியை வைத்த அந்தத் துணிவை எப்படிப் புகழ்வதென்று தெரியவில்லை.

ஆனாலும் ராவாவின் வழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவர் காலத்து டைக்ரீஸ் பிரம்மாண்டமான நதி. அதில் விழுந்த ஒரு கைப்பிடி முள்ளால் யாருக்கும் கேடில்லை என்று அவர் நினைத்தது நியாயமே. அதே நதிக்கரையில் இன்று பெருநகரங்கள் நிற்கின்றன. ஒவ்வொருவனும் ராவாவைப் பின்பற்றி ஆற்றிலே எறிந்தால் அது பக்தியாகாது. மாறாதது அவருடைய எண்ணம். செயல் காலத்தையும் ஜனத்தொகையையும் பொறுத்து மாற வேண்டியது. இந்த வேறுபாட்டை உணராமல் முன்னோரின் செயலை மட்டும் பற்றிக்கொள்கிறவன் அவர்களுடைய தர்மத்தையே தலைகீழாக்கிவிடுவான்.

தெருவிலிருந்து ஊருக்கு வந்தால், மிஷ்னாவின் பாபா பத்ரா என்ற பகுதியின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் ஒரு நகர அமைப்புத் திட்டம்போலவே இருக்கிறது. களத்தில் தூற்றும் பதர் ஊருக்குள் பறந்துவராதபடி நிரந்தரமான கதிரடிக்கும் களம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி இருக்க வேண்டும். கல்லறைக்கும் செத்த பிராணிகளைப் போடும் இடத்துக்கும் தோல் பதனிடும் சாலைக்கும் அதே தூரம். தோல் சாலை ஊருக்குக் கிழக்கிலேதான் இருக்கலாம். அந்நாட்டிலே காற்று பெரும்பாலும் மேற்கிலுள்ள கடலிலிருந்து வீசுவது. ஆகையால் கிழக்கே எழும் துர்நாற்றம் ஊரைத் தொடாமல் போய்விடும். மேற்கைத் தவிர வேறெந்தத் திக்கிலும் வைக்கலாம் என்று ரபி அகிபா சற்றுத் தளர்த்தினார். மேற்கை விட்டுக்கொடுக்க அவரும் இசையவில்லை. மரங்களைக்கூட ஊரைவிட்டு 25 முழம் தள்ளியே நடவேண்டும் என்பதற்கு, ஊரின் அழகு கெடாமலிருப்பதற்காக என்று பிற்காலத்தார் காரணம் கூறினார்கள். எருசலேம் நகரிலே புகையின் நிமித்தம் சூளை போடக்கூடாது என்றும் ஒரு சம்பிரதாயம் இருந்தது.

புகையைப் பற்றிய அவர்களுடைய கொள்கை தனியே கவனிக்கத் தக்கது. பொதுவாக, அயலான் செய்துவரும் ஒரு காரியத்தைக் கண்டும் நெடுநாள் பேசாமலிருந்தால், அது அவனுக்கு அநுபோக பாத்தியதை ஆகிவிடும் என்பது பல நாட்டுச் சட்டங்களிலும் உள்ளதே. ஆனால் புகை, கழிப்பிடத்தின் நாற்றம், தூசி, நிலத்தை அதிரச் செய்தல் ஆகிய இந்நான்குக்கும் எத்தனை ஆண்டு கடந்தாலும் அப்படி ஒரு பாத்தியதை பிறக்காது என்று மைமோனிடிஸ் தீர்த்திருக்கிறார். இவற்றை மனிதன் பழகிக்கொள்ள முடியாது என்பது அவர் காட்டும் காரணம். ஆலைப் புகைக்கு அடியில் குடியிருக்கும் ஏழைகளைப் பார்த்து, இத்தனை காலம் பொறுத்தீர்களே, இன்று மட்டும் ஏன் கூச்சலிடுகிறீர்கள் என்று கேட்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேள்வியைச் செல்லாததாக்கிய ஒரு நியாயசாஸ்திரத்தை நாம் அறிந்திருக்க வேண்டாமா? சத்தத்திலோ அவர்கள் வேற்றுமை பார்த்தார்கள். பொது முற்றத்திலே கடை திறந்து, வந்துபோகிறவர்களின் இரைச்சலால் உறக்கம் கெட்டால் அயலார் தடுக்கலாம். பாடம் படிக்கும் குழந்தைகளின் சத்தத்தைத் தடுக்கலாகாது. ஒரு கல்விமான் குடியிருக்கத்தக்க ஊரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வேறோரிடத்தில் எண்ணுகையிலும், நியாயஸ்தலத்தோடும் ஜெபாலயத்தோடும் சமமாக வைத்தியனையும் குளிக்குமிடத்தையும் கழிப்பிடத்தையும் பிள்ளைகளுக்கு ஆசிரியனையும் சேர்த்தே எண்ணினார்கள்; பழவகைகளும் கிடைக்க வேண்டும் என்று ரபி அகிபாவின் பெயரால் ஒரு சேர்க்கையும் உண்டு.

இனி மரத்தைப் பற்றிய விதி. ஒரு பட்டணத்தை நெடுநாள் முற்றுகையிடும் சேனை, அதன் கனிமரங்களைக் கோடரியால் வெட்டி அழிக்கக்கூடாது என்று உபாகமத்தின் 20ஆம் அதிகாரம் விதிக்கிறது. யுத்தத்திலே, பகைவனுடைய நிலத்திலே, எல்லா நியாயங்களும் உறங்கிப்போகும் ஒரு வேளையிலே விதிக்கப்பட்ட இந்த மறுப்பைக் கண்ட ஆசாரியர்கள், யுத்தத்திலேயே கூடாதது அமைதிக் காலத்தில் எப்படிக் கூடும் என்று தொடங்கி, அதைப் பயனுள்ள பொருள் அனைத்துக்கும் பரப்பினார்கள். எண்ணெய் விளக்கை அது வீணாக விரைந்து எரியும்படி மூடி வைப்பதும், நாப்தா விளக்கை அவ்வாறே திறந்து வைப்பதும் இந்த விதியை மீறுவதாகும் என்றார் ராவ் ஸுத்ரா. முள்ளடர்ந்த வழியில் நடக்கும்போது ராவ் ஹிஸ்தா தம் ஆடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாராம். காலில் கீறினால் சதை தானே வளர்ந்து ஆறிவிடும், கிழிந்த துணி ஆறாதே என்பது அவருடைய நியாயம். மைமோனிடிஸின் பட்டியலில் பாத்திரத்தை உடைப்பதும் கட்டடத்தை இடிப்பதும் ஊற்றைத் தூர்ப்பதும் உணவைப் பாழாக்குவதும் ஒன்றாக நிற்கின்றன. மரத்தை வெட்டாமல், அதற்குப் பாயும் வாய்க்காலைத் திருப்பி வாடவைப்பதும் வெட்டியதற்குச் சமம் என்று அவர் எழுதியிருப்பது, தந்திரசாலிகளை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதைக் காட்டும். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுந்த ஒரு நூல், நல்லோர் ஒரு கடுகுமணி வீணாவதையும் சகியார் என்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரபி ஹிர்ஷ், உலகப்பொருளை அழிக்கும் கையைத் தடுப்பதற்கென்றே கடவுள் இட்ட முதற்கட்டளையாக இதை உயர்த்திப் பேசினார்.

விதிக்கு விலக்கும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பக்கத்து மரங்களையோ பிறருடைய வயலையோ கெடுக்கும் மரத்தையும், பலனைவிடக் கட்டைக்கு அதிக விலைபோகும் மரத்தையும் வெட்டலாம் என்று சட்டம் இடம் விட்டிருக்கிறது. பயனுக்காகச் செய்தால் அழிவாகாது என்னும் இந்த வாசலின் வழியேதான் பிற்காலத்தில் பெரும் அழிவுகள் நுழைந்துவந்தன என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் எந்தக் காட்டை அழித்தவனும் ஒரு பயனைக் காட்டாமல் அழித்ததில்லை. 2021 நவம்பரில் இஸ்ரேல் அரசாங்கம் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பைகளின்மேல் கிலோவுக்கு 11 ஷெகல் வரி விதித்தபோது, அதைப் பலமாக எதிர்த்தவர்களில் வேதத்தை அட்சரம் பிசகாமல் பேணும் வைதிகக் கட்சியாரே முன்னணியில் நின்றார்கள். அடுத்து வந்த அரசாங்கம் 2023இல் அந்த வரியை நீக்கிவிட்டது. பல குழந்தைகளுள்ள எளிய குடும்பங்களில், ஓய்வுநாளின் மூன்று போஜனங்களுக்கும் பாத்திரம் கழுவும் தாயின் சிரமத்தை எண்ணினால், அவர்கள் வாதம் இரக்கமற்றவர்கள் மட்டுமே தள்ளக்கூடியது. ஆயினும், ராவ் ஸுத்ராவின் விளக்கை நாள்தோறும் பாடம் படிக்கிறவர்கள் வாரந்தோறும் மூட்டை மூட்டையாகக் குப்பையை வெளியே வைக்கும்போது, அந்தத் தாயின் சிரமத்தைக் குறைக்க வேறு வழி தேடுவதும் அதே பாடத்தின் பகுதியல்லவா என்று கேட்கும் உரிமை அவர்களுடைய நூல்களே நமக்குத் தருவது.

இறுதியாக ஆட்டைப் பற்றிய விஷயம். பயிர் செய்யும் நாட்டுப்பகுதியில் செம்மறியாடு, வெள்ளாடுகளை வளர்க்கலாகாது, வனாந்தரத்தில் வளர்க்கலாம் என்று மிஷ்னா விதிக்கிறது. அவை பிறருடைய வெள்ளாமையில் புகுந்து, தளிரையும் கன்றையும் வேரோடு தின்று தீர்க்கும் என்பதே காரணம். நெஞ்சு நோயால் வருந்திய ஒரு பக்திமானுக்கு, காலைதோறும் கறந்த சூட்டோடு ஆட்டுப்பால் குடிக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொன்னார்களாம். அவர் ஓர் ஆட்டை வாங்கிக் கட்டிற்காலில் கட்டிவைத்தார். நோய் விசாரிக்க வந்த நண்பர்கள் அதைப் பார்த்தவுடன், ஆயுதம் தாங்கிய கொள்ளைக்காரனை வீட்டில் வைத்திருக்கிறவனிடம் எப்படிச் செல்வது என்று வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள். பிற்பாடு அவர்களே அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து பார்த்தபோது, அந்த ஒரு ஆட்டைத் தவிர வேறு குற்றம் காணவில்லையாம்; அவரும் மரணப்படுக்கையில் அதையே சொல்லி வருந்தினாராம். கட்டிப்போட்ட ஆடு, அதுவும் மருந்துக்காக! இவ்வளவு கடுமை வேண்டுமா என்று நமக்குத் தோன்றுகிறது. காடும் தோப்பும் அழிந்து போவதைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறையின் அச்சம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

1950இல் புதிய இஸ்ரேல் ராஜ்யம் வெள்ளாடுகளால் தாவரங்களுக்கு விளையும் சேதத்தைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டம் செய்தது. அது மிஷ்னாவிலிருந்து நேரே பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் கவலை அதுவேதான். கறுப்பு ஆட்டின் மயிரை நெய்து கூடாரம் போட்டு, அதன் பாலால் ஜீவித்துவந்த பெதுயின் மக்களுக்கும் கிராமத்து அரபு மேய்ப்பர்களுக்கும் அந்தச் சட்டம் பெரிய கஷ்டத்தை விளைவித்தது. மந்தைகள் குறைந்தன. மலைகளிலே மனிதர் நட்ட பைன் மரங்கள் வளர்ந்தன. எளிதில் தீப்பற்றும் அந்த மரங்களின் அடியில், மேய்வார் இல்லாத புதர் வருஷத்துக்கு வருஷம் அடர்ந்து காய்ந்தது. முள்ளிலே பற்றிய நெருப்பு அயலானுடைய கதிர்க்கட்டுக்குப் பரவினால் மூட்டியவன் ஈடு செய்யவேண்டும் என்று யாத்திராகமம் சொல்லும்போது, நெருப்புக்கு முன்பாக முள் அங்கே குவிந்து கிடப்பதையும் அது காட்டத்தான் காட்டுகிறது. 2010 டிசம்பரில் கர்மேல் மலையில் பற்றிய தீயில் 44 பேர் மாண்டார்கள். அதன்பிறகு, காட்டின் அடிப்புதரைத் தின்று தீயின் இரையைக் குறைக்கும் பிராணி அதே வெள்ளாடு என்பது பலராலும் பேசப்பட்டது. அரபு உறுப்பினரான ஜமால் ஸஹல்கா கொண்டுவந்த மசோதாவால், 2018இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு 1950இன் சட்டத்தை ரத்துச் செய்தது.

அப்படியானால் மிஷ்னாவின் ஆசாரியர்கள் பிழைபட்டார்களா என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். ஆட்டை வெறுத்த அதே தால்மூத்தில், சற்றுத் தள்ளி, யோசுவா நாட்டைப் பங்கிட்டபோது ஜனங்களுக்கு விதித்ததாகச் சொல்லப்படும் பத்து நிபந்தனைகள் வருகின்றன: புதிதாகத் தோன்றும் ஊற்றின் நீர் அவ்வூராருக்குரியது, திபேரியாவின் ஏரியிலே எவனும் தூண்டிலிட்டு மீன்பிடிக்கலாம், ஆனால் படகுகளுக்கு வழிமறித்து அணை கட்டலாகாது என்பன போன்றவை. அவற்றில் முதலாவது, காடுகளில் ஆடுமாடுகளை மேய்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது. 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவிலிருந்து அதற்கு வியாக்கியானம் செய்த ராவ் பாப்பா, வெள்ளாடு போன்ற சிறு பிராணிகளைப் பெருமரங்கள் வளர்ந்த காட்டில் விடலாம், இளமரக் காட்டில் விடலாகாது, மாடு போன்ற பெரும் பிராணிகளையோ இரண்டிலும் விடலாகாது என்று பிரித்துச் சொன்னார். 1950இன் சட்டம் ஆட்டை மட்டும் பார்த்தது. ராவ் பாப்பாவோ ஆட்டோடு சேர்த்து மரத்தின் வயதையும் பார்த்திருந்தார்.

நிலத்துக்கே ஓய்வு கொடுக்கும் ஏழாம் ஆண்டைப் பற்றியும், அதனால் குடியானவர்களுக்கும் ரபிமார்களுக்கும் 1889 முதல் நடந்துவரும் பெரிய விவாதத்தைப் பற்றியும் அடுத்த இதழில் எழுதுவேன்.

(தொடரும்)